டீசலக்கா வாங்கிய லாக்கர்

மலை உச்சியில் இருந்த செல்போன் டவருக்கு டீசல் ஏற்றிப் போவதுதான் அவள் தொழில். அதனால் எல்லாருக்கும் அவள் டீசலக்கா. வங்கிப் புத்தகத்தில் வேறு பெயர் இருந்தது. கவுன்ட்டரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பாள்.

மலை மேல் மின்சாரக் கம்பி போகவில்லை. டவர் ஓடுவது ஜெனரேட்டரால். அந்த ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டு வாரத்தில் ஐந்து நாள் தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர் அவளுடைய வீட்டுக்காரர். செவ்வாயும் வெள்ளியும் எட்டு கேன் டீசலைப் பழைய ஜீப்பில் கட்டி ஏற்றிக்கொண்டு அவள் மேலே போவாள். டீசல் தீர்ந்தால் டவர் நிற்கும். டவர் நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் போன் செத்துவிடும். அவருடைய போனும்தான். அவர் மேலே என்ன ஆனார் என்று கேட்கக்கூட வழியிருக்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்படித்தான் ஆனது. முந்தின நாள் பெய்த மழையில் மலைப்பாதையின் நாலாவது வளைவில் தண்ணீர் குறுக்கே அறுத்துக்கொண்டு போயிருந்தது. ஜீப்பின் முன்பக்கம் பாறை மேல் ஏறியபோது, பின்பக்க வலது சக்கரம் பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் தொங்கியது. அவள் ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். தொங்கிய சக்கரம் மின்விசிறி மாதிரி சுற்றியது. தரையில் இருந்த இடது சக்கரம் அசையவே இல்லை. மறுபடி மிதித்தாள். மறுபடியும் அதே கதை. ஒருகாலத்தில் அந்த ஜீப்பில் நாலு சக்கரமும் இழுக்கும். முன்சக்கர இழுவை பழுதாகி மூன்று வருஷம் ஆகிவிட்டது. அதைச் சரிசெய்கிற செலவில் இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம்.

கடைசியில் அவள் போன் போட்டுச் சொல்ல, வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்தார். இரண்டு பேரும் கேன்களை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிக்கொண்டு, வழுக்குகிற ஏற்றத்தில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தார்கள். முதல் கேன் போய்ச் சேருவதற்குள் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் டவர் இல்லை. அந்த மூன்று மணி நேரத்தில், பள்ளத்தாக்கில் இருந்த சுகாதார நிலையத்து நர்ஸ், வயிற்றுவலியில் துடித்த ஒருவரை ஆம்புலன்ஸுக்குச் சொல்ல முடியாமல் பால் வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தாள். ஆள் பிழைத்துவிட்டார். ஆனால் பேச்சு டவர் கம்பெனி வரைக்கும் போய்விட்டது.

மறுநாள் சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டும் உட்காரவில்லை.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லம்மா. ஆனா மேல இருந்து என்னைக் கேக்கறாங்க. டிராக்டர் வச்சிருக்கறவர் ஒருத்தர் எப்ப வேணாலும் ஏத்தறேன்னு சொல்றார். இன்னொரு தடவ டவர் நின்னுச்சுன்னா அவர்கிட்டதான் குடுக்கணும்."

"அப்ப ஜெனரேட்டர் வேலை?"

சூப்பர்வைசர் செருப்பைப் பார்த்தார். "அவருக்குத் தம்பி ஒருத்தர் இருக்காராம்."

அவர் போனபிறகு டீசலக்கா கதவை மூடினாள். கொஞ்ச நேரம் அழலாமா என்று பார்த்தாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் சூப்பர்வைசர் மேல் இல்லை, அந்த இடது சக்கரத்தின் மேல். பத்து விரல் அகலத்துக்கு மண்ணில் பதிந்து உட்கார்ந்துகொண்டு, கூட்டாளி அந்தரத்தில் தவிப்பதை வேடிக்கை பார்த்த சக்கரம்.

அந்தக் கோபத்தோடு நாத்தனாரைத் தேடிப் போனாள்.

நாத்தனார் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தாள். அரை நூல் அளவு பிசகினாலும் பொருளை வெளியே விடமாட்டாள் என்பதால் பட்டறையில் அவளுக்கு அரைநூல் என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்யாணம் ஆன புதிதில் டீசலக்கா ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டியபோது, "அண்ணி, இடது பக்கம் ஒரு விரக்கடை ஏறியிருக்கு" என்று சொன்ன ஆள். அந்தத் திரை விஷயத்தில் இரண்டு பேரும் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள்.

அரைநூல் கையைப் பனியன் வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டே முழுக்கதையையும் கேட்டாள்.

"சக்கரத்து மேல தப்பு இல்ல அண்ணி. நடுவுல இருக்கற டிஃபரன்ஷியல் மேலதான் தப்பு. வண்டி திரும்பறப்ப வெளிச் சக்கரம் கூடச் சுத்தணும், உள்சக்கரம் கம்மியாச் சுத்தணும், இல்லையா? அதுக்காக வச்சிருக்கறது அது. எந்தப் பக்கம் சுலபமாச் சுத்துதோ அந்தப் பக்கம் போயிக்கோன்னு விட்டுடும். ரோட்டுல அது நல்ல குணம். பள்ளத்துல தொங்கறப்ப, வேலையே இல்லாத சக்கரத்துக்கு எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துடும்."

"எங்க கம்பெனி மாதிரி."

"எல்லாக் கம்பெனி மாதிரியும்தான்."

"அதை நிறுத்த முடியாதா?"

"ரெண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டணும். பூட்டிட்டா ஒண்ணு தொங்கினாலும் இன்னொண்ணு இழுத்தே ஆகணும்."

முதலில் இருவரும் தெருமுனை மெக்கானிக்கிடம் போனார்கள். அவர் ஜீப்புக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "அதுக்கென்னக்கா, உள்ள இருக்கற பல்லையெல்லாம் சேர்த்து வெல்டிங்ல ரெண்டு தையல் போட்டா போச்சு. மத்தியானத்துக்குள்ள முடிச்சுடலாம்" என்றார்.

டீசலக்காவுக்கு அது பிடித்திருந்தது. அரைநூலுக்குப் பிடிக்கவில்லை. டீசல் டிப்போவிலிருந்து மலையடி வரைக்கும் பதினாலு கிலோமீட்டர் தார்ரோடு. வெல்டு வைத்தால் அந்தத் தூரம் முழுக்க, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சக்கரம் தேய்ந்து இழுபடும். டயர் போகும். ஒருநாள் ஆக்சிலும் போகும். அது மலை மேல்தான் போகும் என்றாள்.

"வேற ஒண்ணு இருக்கு. உள்ள இருக்கற சின்ன பல்சக்கரங்களை மட்டும் எடுத்துட்டு, அந்த இடத்துல உக்கார்ற மாதிரி ஒரு லாக்கர் விக்கறாங்க. நேரா இழுக்கறப்ப பூட்டிக்கும். திரும்பறப்ப வெளிச் சக்கரத்தை மட்டும் கடகடன்னு விட்டுக்குடுக்கும். கூண்டு, பெரிய பல்சக்கரம் எதையும் தொட வேண்டாம். அதனால விலையும் கம்மி. ரெண்டு புது டயர் வாங்கற காசு."

"யாரு மாட்டறது?"

அரைநூல் மெக்கானிக்கைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார்.

"நாமதான்" என்றாள் அரைநூல்.

அன்று சாயங்காலம் போனில் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவருக்குப் பாதிதான் கேட்டது. காற்று பலமாக இருந்தது போல.

"லாக்கரா? லாக்கர்ல வைக்க நம்மகிட்ட என்ன இருக்கு?"

"வண்டிக்குங்க. பின்சக்கரத்துக்கு."

"சக்கரத்தை எதுக்கு லாக்கர்ல வைக்கணும்? திருட்டுப் பயமா?"

அவள் விளக்கி முடித்தாள்.  "மாட்டறது ஆரு, என் தங்கச்சியா? அப்ப சரி. ஆனா அவசரப்படாதே. அவ சொல்றதைக் கேளு" என்றார். கட்டியவளை நம்பாமல் தங்கையை நம்புகிற புருஷனை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு கை சேர்த்தால் அடங்கிவிடுகிற பெட்டி. உள்ளே எண்ணெய்த் தாளில் சுற்றிய பல் வைத்த நாலு இரும்பு வளையங்கள், ஒரு சின்னப் பையில் பின்களும் சுண்டுவிரல் நகம் அளவு ஸ்பிரிங்குகளும், ஒரு குறிப்புத்தாள். அன்றைக்கு மழை இல்லை. நாலாவது வளைவில் கல் போட்டு நிரப்பி எப்படியோ டீசலை ஏற்றிவிட்டு வந்தாள். அடுத்த நடை செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை கனமழை என்று எல்லாரும் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலையில் வீட்டை ஒட்டிய ஓட்டுக்கொட்டகையில் வேலையை ஆரம்பித்தார்கள். ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, அடியில் மரக்கட்டைகளை அடுக்கி நிறுத்தினார்கள். அரைநூல் ஜீப்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. அப்புறம்தான் அண்ணியை அடியில் போக விட்டாள்.

டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட்டுகள் பத்தும் துருப்பிடித்திருந்தன. ஒன்பது வந்துவிட்டன. பத்தாவது, குழாயைச் செருகி ஸ்பேனரை நீட்டி, டீசலக்கா காலால் உதைத்த பிறகுதான் கிறீச்சென்று அசைந்தது. மூடியை நெம்பியதும் கறுப்பு ஆயில் மொத்தமும் சட்டியில் பாதி, அவள் முழங்கையில் பாதி என்று கொட்டியது. அழுகிய முட்டை நாற்றம்.

"எத்தனை வருஷமா ஆயில் மாத்தல அண்ணி?"

"அதை உங்கண்ணன்கிட்ட கேளு."

உள்ளே இருந்ததை அரைநூல் ஒவ்வொன்றாகக் காட்டினாள். பெரிய பல்சக்கரம். அதோடு சேர்ந்த இரும்புக் கூண்டு. கூண்டுக்குள் நாலு சின்னப் பல்சக்கரங்கள். அவற்றில் இரண்டு, குறுக்கே போகிற ஒரு விரல் தடிமன் பின்னில் கோத்திருந்தன. அந்தக் குறுக்குப் பின்னைத் தாங்கிய சின்ன போல்ட்டைக் கழற்றி, பின்னை உருவி, சக்கரங்கள் பக்கம் இருந்து ஆக்சில்களை உள்ளே தள்ளி, நுனியில் மாட்டியிருந்த பிறை வடிவ கிளிப்புகளை எடுத்தார்கள். பல்சக்கரங்கள் ஒவ்வொன்றாகக் கையில் விழுந்தன.

அரைநூல் குறுக்குப் பின்னைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு அதன் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினாள். நகம் ஓர் இடத்தில் தடுக்கியது. திரும்ப ஓட்டினாள். திரும்பவும் தடுக்கியது.

"தேஞ்சிருக்கு."

"எவ்வளவு?"

"நகம் தட்டுது. நகம் தட்டினா மாத்தணும்னு குறிப்புத்தாள்ல போட்டிருக்கு. லாக்கரோட பல்லு ரெண்டும் முழுசாக் கடிக்கணும்னா இந்தப் பின் சரியா இருக்கணும்."

"நகம் தட்டற அளவுக்கா இவ்வளவு? போட்டு மூடு. இத்தனை வருஷமா ஓடின பின்தானே."

"மாட்ட மாட்டேன்."

"செவ்வாய்க்கிழமை மழை!"

"அதனாலதான் மாட்ட மாட்டேன்."

டீசலக்கா அடியிலிருந்து வெளியே வந்தாள். முகமெல்லாம் ஆயில். "உனக்கென்ன, உன் லேத்து தரையில இருக்கு. பிசகினா ஒரு துண்டு இரும்பு வீண். மேல உக்காந்திருக்கறது என் புருஷன்."

"எனக்கு அண்ணன்" என்றாள் அரைநூல். குரல் உயரவே இல்லை. "அந்த வளைவுல பல்லு பாதி கடிச்சு, பாதியில நழுவினா, வண்டி பின்னால போகும். உள்ள நீங்க இருப்பீங்க. அதை நான் அண்ணன்கிட்ட எப்படிப் போய்ச் சொல்றது?"

டீசலக்கா பின்னை வாங்கித் தன் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். தட்டியது. பனியன் வேஸ்டை எடுத்து முழங்கையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"சரி. எங்க கிடைக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வண்டிகளை உடைக்கும் கிடங்கு ஒன்றுக்குப் போனார்கள். கிடங்குக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கையை வீசினார். "அந்த மாதிரி ஆக்சில் மூணு கிடக்கு. கழட்டித் தரமாட்டேன். நீங்களே கழட்டிக்கிட்டா எடுத்துக்கங்க." இரண்டு பெண்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, எப்படியும் திரும்பிப் போய்விடுவார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

முதல் ஆக்சிலுக்குள் தண்ணீர் புகுந்து எல்லாம் ஒரே துருக்கட்டியாக இருந்தது. இரண்டாவதில் பின் இருந்தது. நகம் தட்டியது. மூன்றாவது ஆக்சில் ஒரு லாரியின் உடைந்த பாடிக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. பாடியைத் தூக்க ஆள் இல்லை. டீசலக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சேற்றில் மல்லாந்து படுத்து, ஊர்ந்து உள்ளே போனாள். கை மட்டும்தான் எட்டியது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. நேற்று முழுக்க அதே பத்து போல்ட்டோடு மல்லுக்கட்டியதால் எது எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் ஒருதரம் கிடங்குக்காரரே எழுந்து வந்து, "பாத்தும்மா, தலையில இடிச்சுக்கப் போறீங்க" என்று சொல்லிவிட்டு ஒரு கோணிச் சாக்கை உள்ளே தள்ளினார்.

வெளியே நீட்டிய கையில் பின் இருந்தது. அரைநூல் துடைத்து நகத்தை ஓட்டினாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். பிறகு பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்து மூன்று இடத்தில் அளந்தாள்.

"சொல்லித் தொலையேன்!" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"நல்லா இருக்கு அண்ணி."

மத்தியானம் லாக்கரை மாட்ட உட்கார்ந்தார்கள். வளையங்களை அடுக்கி, கூண்டின் ஜன்னல் வழியாக ஸ்பிரிங்கும் பின்னும் வைத்து அழுத்தி விடவேண்டும். மூன்று ஸ்பிரிங் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தது. நாலாவது, ஸ்க்ரூடிரைவர் நுனியிலிருந்து டப்பென்று துள்ளியது. எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

தரையைப் பெருக்கினார்கள். சட்டியில் இருந்த ஆயிலைத் துணியில் வடிகட்டினார்கள். கயிற்றில் காந்தத்தைக் கட்டிக் கட்டைகளுக்கு நடுவில் விட்டுத் துழாவினார்கள். இரண்டு ஆணி, ஒரு நட்டு, எப்போதோ தொலைந்த ஒரு ஊக்கு கிடைத்தன. ஸ்பிரிங் கிடைக்கவில்லை. ஒரு மணி நேரம் போனது. டீசலக்கா சோர்ந்துபோய்க் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, நமைச்சலில் தலையைச் சொறிந்தாள். விரலில் ஏதோ குத்தியது. ஸ்பிரிங் அவள் கொண்டைக்குள் இருந்தது.

அரைநூல் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் ஜீப்பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, அங்க இன்னும் என்னென்ன வச்சிருக்கீங்க? முன்சக்கர இழுவைக்கு ஏதாவது தேறுமா?"

"போடி" என்றாள் டீசலக்கா. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நாலாவது ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டு வைத்தார்கள். கிளிப்புகளை மாட்டினார்கள். கிடங்கில் எடுத்த பின்னைச் செருகி, போல்ட்டை இறுக்கி, இரண்டு பாதிகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து அளந்தாள் அரைநூல். தாளில் சொன்ன அளவுக்குள் இருந்தது. இன்னொரு தரம் அளந்தாள். டீசலக்கா இந்தத் தடவை அவசரப்படுத்தவில்லை.

மூடியைப் போட்டு, புது ஆயில் ஊற்றி, கியரைப் போட்டு நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு சக்கரத்தைப் பிடித்தார்கள். இரண்டு பேரும் ஒரே பக்கம் சுற்றப் பார்த்தபோது சக்கரங்கள் கல் மாதிரி நின்றன. அரைநூல் தன் பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணியை மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றச் சொன்னாள். டக், டக், டக் என்று பல்லு தாண்டுகிற சத்தம் கேட்டது. பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்தது. விட வேண்டிய இடத்தில் விட்டது.

திங்கட்கிழமை தெருவில் ஓட்டிப் பார்த்தாள். முதல் திருப்பத்திலேயே பின்னால் 'டணார்' என்று ஒரு சத்தம். முனைக் கடைக்காரர் வெளியே ஓடிவந்து, "அக்கா, நிறுத்துங்க, ஏதோ உடைஞ்சுபோச்சு!" என்று கத்தினார். மெக்கானிக் தன் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகம் மட்டும் 'நான் அப்பவே சொன்னேன்' என்றது.

உடையவில்லை. லாக்கர் விட்டுக்கொடுக்கிற சத்தம் அது. ஆனால் இன்னொன்று இருந்தது. திருப்பத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஜீப் திரும்பமாட்டேன் என்று நேராக இழுத்தது. காலை எடுத்தால் திரும்பியது. பதினொரு வருஷமாக அவள் கையும் காலும் பழகியிருந்த வண்டி இப்போது வேறு வண்டி. காலியாகக் கிடந்த ஒரு மைதானத்தில் மத்தியானம் வரை எட்டுப் போட்டுப் பழகினாள். காலை எடு, திருப்பு, நேராக்கு, அப்புறம் மிதி. சொல்லிச் சொல்லி ஓட்டினாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்தே மழை. அரைநூல் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, மண்வெட்டியும் கையுமாக முன்சீட்டில் ஏறினாள். எட்டு கேனும் கட்டியாயிற்று. கிளம்பும்போது வீட்டுக்காரர் போனில் சொன்னார்: "மத்தியானம் ரெண்டு வரைக்கும் ஓடும். அதுக்கு மேல தாங்காது."

நாலாவது வளைவில் போட்டிருந்த கல்லையெல்லாம் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தது. பள்ளம் முன்பைவிட ஆழம். டீசலக்கா பழைய வழக்கத்தில், தூரத்திலிருந்தே வேகம் எடுத்து ஒரே மூச்சில் தாண்டிவிடலாம் என்று மிதித்தாள். ஜீப் பாறையில் மோதி ஒரு பக்கமாகத் துள்ளியது. அரைநூலின் தலை கதவில் இடித்தது.

"அண்ணி! பறக்கறதுக்கு இல்ல, இழுக்கறதுக்குத்தான் அது!"

அவள் நிறுத்தினாள். பின்னால் எடுத்தாள்.  ஸ்டீயரிங்கை விட்டுக் கையைத் தொடையில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு முதல் கியரைப் போட்டு, நடந்து போகிறவளின் வேகத்தில் போனாள். முன்பக்கம் பாறையில் ஏறியது. பின்பக்க வலது சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியது. போன செவ்வாய் தொங்கிய அதே இடம். சக்கரம் சுழன்று பறக்கவில்லை. இடது சக்கரத்தின் வேகத்திலேயே நிதானமாக அந்தரத்தில் சுற்றியது. இடது சக்கரம் மண்ணைக் கடித்தது. ஜீப் ஒரு சாண், இன்னொரு சாண் என்று ஏறி, தொங்கிய சக்கரத்தை மறுகரையில் வைத்தது.

அரைநூல் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தாள். பேசினால் கெட்டுவிடும் போல இருந்தது.

ஆனால் ஆறாவது வளைவு இருந்தது. அங்கே பாதை வெளிப்பக்கம் சாய்ந்த செம்மண். லாக்கர் இல்லாதபோது வண்டி அங்கே ஒருநாளும் தொல்லை கொடுத்ததில்லை. ஒரு சக்கரம் வழுக்கினால் இன்னொன்று சும்மா நின்று தாங்கிக்கொள்ளும். இப்போது பூட்டியிருந்ததால் இரண்டும் சேர்ந்தே வழுக்கின. ஜீப்பின் பின்பக்கம் மெல்ல, சத்தமே இல்லாமல், பள்ளத்தாக்குப் பக்கம் நகர ஆரம்பித்தது.

அவள் காலை எடுத்தாள். பிரேக்கைத் தொடவில்லை. ஜீப் இன்னும் ஓர் அடி நகர்ந்து நின்றது. அரைநூல் தன் பக்கக் கதவைத் திறந்து பின்னால் எட்டிப் பார்த்தாள். விளிம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது.

"இதை நான் யோசிக்கல அண்ணி" என்றாள்.  அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து டீசலக்கா கேட்டதே இல்லை.

"கீழ இறங்கு. மேட்டுப் பக்கமா இறங்கு" என்றாள் டீசலக்கா. "வண்டியை நீ பார்த்தே. பாதையை நான் பாக்கறேன்."

மணி பன்னிரண்டே கால். இருவரும் சேர்ந்து நாலு கேனை இறக்கி மேட்டுப் பக்கம் வைத்தார்கள். டீசலக்கா மண்வெட்டியை வாங்கி, பின்சக்கரத்திலிருந்து மேட்டுப் பக்கமாகச் சாய்வாக ஒரு வாய்க்கால் வெட்டினாள். சக்கரம் அதற்குள் விழுந்தால் வெளியே நழுவாது. அரைநூல் சரளைக்கல்லை முந்தானையில் அள்ளி வந்து அதில் கொட்டினாள். மழை வாய்க்காலை மூட மூட அவள் வெட்டினாள். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது. டிராக்டர்காரரின் தம்பி அந்தத் தகரக் கொட்டகையில் கால் நீட்டிப் படுத்திருப்பதாக ஒரு தரம் நினைத்துப் பார்த்தாள். அதற்கப்புறம் மண்வெட்டி இன்னும் ஆழமாக இறங்கியது.

ஒரு மணிக்கு ஏறி உட்கார்ந்தாள். அரைநூல் மேட்டில் நின்று கைகாட்டினாள். முதல் கியர். முட்டை மேல் வைக்கிற மாதிரி கால். சக்கரம் வாய்க்காலில் இறங்கியது, சரளையைப் பிடித்தது, நின்றது, மறுபடி பிடித்தது. ஜீப் ஒரு பெரிய பெருமூச்சு விட்டாற்போல மேட்டுப் பக்கம் ஏறி, கெட்டியான பாறைத்தளத்தில் நின்றது. நாலு கேனையும் திரும்பத் தூக்கிக் கட்டினார்கள்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று ஐம்பது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் புனலைக் கையில் வைத்துக்கொண்டு மழையிலேயே நின்றிருந்தார். முதல் கேனை வாங்கி ஊற்றி முடிக்கும்வரை அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஊற்றி முடித்ததும் புனலைக் கீழே வைத்தார். தலையிலிருந்து கால்வரை செம்மண்ணாக நின்ற இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாப்டீங்களா?" என்றார்.

அவருக்கு வேறு எதுவும் சொல்ல வரவில்லை என்று டீசலக்காவுக்குத் தெரிந்தது. இல்லை என்று தலையாட்டினாள். அவர் கொட்டகைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

அந்த மழைக்காலம் முழுக்க டவர் நிற்கவில்லை. எல்லாம் சுலபமாகவும் போய்விடவில்லை. இரண்டாம் மாதம் ஆக்சில் ஒன்று முறுக்கி உடைந்தது. நல்லவேளை, மலையடியில் உடைந்தது. அரைநூல் ஒரே நாளில் வேறு ஒன்றைத் தேடி மாட்டினாள். ஆறாவது வளைவில் சாய்வை வெட்டிச் சமன்படுத்த வீட்டுக்காரரும் டீசலக்காவும் நாலு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தார்கள். டயர் கொஞ்சம் சீக்கிரம் தேய்ந்தது. தெருமுனை மெக்கானிக், தன் கடைக்கு வந்த மரம் ஏற்றும் வண்டிக்காரர் ஒருவரிடம், "வெல்டிங்லாம் வேணாங்க, இப்ப அதுக்கு ஒரு லாக்கர் வருது" என்று சொல்லிக்கொண்டிருந்ததை அரைநூல் காதாரக் கேட்டாள். 

மழை விட்டதும் சூப்பர்வைசர் மறுபடி வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"ஆத்துக்கு அந்தப்பக்கம் இன்னொரு டவர் வருதும்மா. அங்க பாதைன்னு ஒண்ணும் பெருசா இல்ல. டிராக்டர்காரர் பாத்துட்டு வேணாம்னுட்டார். நீங்க எடுத்துக்கறீங்களா?"

 "முதல்ல நடந்து பாத்துட்டு வந்து சொல்றேன் சார்" என்றாள் டீசலக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளும் நாத்தனாரும் ஆற்றைத் தாண்டினார்கள். புதர் மண்டிய ஒரு தடம் மேலே ஏறிப் போனது. டீசலக்கா கையில் ஒரு நீளக் கம்பு. பள்ளம் வந்த இடத்திலெல்லாம் அதை உள்ளே விட்டு ஆழம் பார்த்தாள். அரைநூல் பின்னாலேயே நோட்டும் பென்சிலுமாக வந்தாள்.

"இங்க எவ்வளவு அண்ணி?"

"முழங்கால் அளவு."

"முழங்கால்னு எழுத முடியாது. சரியாச் சொல்லுங்க."

டீசலக்கா திரும்பி அவளை முறைத்தாள். பிறகு கம்பை மறுபடி பள்ளத்தில் ஊன்றி, மண் ஒட்டிய இடத்தில் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டு, அளக்கச் சொல்லி நீட்டினாள்.